இரண்டு தீவுகளின் வட்டியும் கலாஃபியின் பாயும்

1

என்னிடம் கேட்டது கட்டுரை. சென்னையில் ஓர் இதழ் நடத்துகிறவர் எழுதியிருந்தார்: வளரும் நாடுகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள், அவை வெளியில் வாங்கிய கடனுக்கான வட்டி எப்படியெல்லாம் சரிக்கட்டப்படுகிறது என்று ஒப்பிட்டு ஆறு பக்கம் எழுதுங்கள், கதை வேண்டாம், கதைக்கு எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கடைசி வரிதான் என்னைச் சீண்டியிருக்க வேண்டும். ஆனாலும் நல்ல பிள்ளையாகக் கட்டுரையாகவே ஆரம்பித்தேன்.

"நாடு அ தன் கடன் வட்டியில் நாற்பது லட்சத்தைச் சரிக்கட்டிக்கொண்டது. நாடு ஆவும் அதே அளவு தொகையை, அதே

அங்கேயே நின்றுவிட்டது. (வேண்டுமென்றே அடிக்காமல் விட்டிருக்கிறேன். எவ்வளவு சுத்தமான வாக்கியம் பாருங்கள், ஆஸ்பத்திரித் தரை மாதிரி.) நாடு அ-வில் யாருக்கும் பசிப்பதில்லை. நாடு ஆ-வில் மழை பெய்வதில்லை. இரண்டு நாட்டிலும் யாருக்கும் அத்தை மகள் கிடையாது. சரி, பெயரையாவது வைப்போம் என்று டோங்கா என்றும் சமோவா என்றும் எழுதினேன். எழுதிய கையோடு லோசாலினே வந்து எதிரில் உட்கார்ந்துவிட்டாள். கூப்பிட்டால்தான் வருவேன் என்கிற ஆள் அல்ல அவள்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடன், இந்தக் கூட்டம், இந்தத் தொகை எல்லாம் நான் இட்டுக்கட்டியவை. எந்த அரசின் கணக்கிலும் தேடாதீர்கள். கடன் கொடுத்த தேசத்துக்குப் பெயர் வைக்கவில்லை, வைக்கப்போவதுமில்லை. பாய் மட்டும் நிஜம் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது, ஆனால் அதையும் நம்பவேண்டாம்.

2

லோசாலினே நான் வேலை பார்க்கும் டோங்கா அரசு அலுவலகத்தில் வெளிக்கடன் பிரிவுக்குத் தலைவி. நான் அங்கே அறிக்கைகளைத் திருத்துகிறவள். கால்புள்ளி அரைப்புள்ளி பார்ப்பது, அட்டவணைகளுக்குக் கோடு போட்டு ஒழுங்காக்குவது, அச்சுக்கு அனுப்புவது. தலைநகர் நுக்குவலோஃபாவில் வந்து இறங்கியபோது என் மகன் கைக்குழந்தை, இப்போது அவன் ஆக்லாந்தில் லாரி ஓட்டுகிறான். வடிவு என்கிற என் பெயர் இந்த ஊர் வாய்க்குள் போய் வதி என்று வெளியே வந்தது. அப்படியே இருந்துவிட்டேன்.

லோசாலினே பெரிய உடம்பும் சின்னக் குரலுமாக இருப்பாள். அவள் பேசுவது கேட்கவேண்டுமென்றால் குனியவேண்டும். அதனால் எல்லோரும் அவள் முன்னால் குனிந்தே பழகிவிட்டார்கள், செயலாளர் உட்பட. திங்கட்கிழமைதோறும் ஞாயிற்றுக்கிழமை மண்ணடுப்பில் வேகவைத்த லூ எனக்கு ஒரு பொட்டலம் கொண்டுவருவாள். சேம்பிலைக்குள் தேங்காய்ப்பாலும் மாட்டிறைச்சியும். எனக்கு மட்டும் இறைச்சிக்குப் பதில் வெங்காயம். இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட அவள் பொட்டலம் மாறியதில்லை.

அவள் ஹாபாய்ப் பக்கத்தில் ஒரு சின்னத் தீவில் பிறந்தவள். அங்கே அவள் படித்த பள்ளிக்கூடத்தின் கூரையைப் புயல் கொண்டுபோய்விட்டது. பிள்ளைகள் கூடாரத்தில் படிக்கிறார்கள், இது மூன்றாவது மழைக்காலம். போன மாதம் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்:

"காத்து வந்தா டீச்சர் 'கயிறு'ன்னு ஒரு சத்தம் குடுக்குறா. ஒடனே பிள்ளைங்க எந்திரிச்சு ஆளுக்கொரு கயித்தப் புடிச்சுக்குதுங்க. புடிச்சுக்கிட்டே வாய்ப்பாடு சொல்லுதுங்க. ஒன்பதாம் வாய்ப்பாடு, தப்பே இல்லாம."

"பாவம்."

"பாவம் இல்ல வதி. அவங்களுக்கு அது விளையாட்டு. எனக்குத்தான் தாங்கல."

3

(கட்டுரை கேட்டவருக்காக இந்தப் பகுதி. கதை மட்டும் போதும் என்பவர்களும் தாண்டிப் போகாதீர்கள், பிறகு தவிப்பீர்கள்.)

நகையை அடகு வைத்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புதிதல்ல. கெடு வந்துவிட்டது, வட்டி கட்டக் கையில் காசில்லை. கடைக்காரர் இரண்டு காரியம் செய்யலாம். 'போகட்டும் தாயி, இந்த வட்டி வேண்டாம்' என்று விட்டுவிடலாம். அல்லது வட்டியையும் அசலோடு சேர்த்துப் புதுச் சீட்டு எழுதலாம். இரண்டிலும் அன்றைக்கு நீங்கள் ஒரு பைசா கொடுக்காமல் வீட்டுக்கு வருவீர்கள். வந்து உலை வைப்பீர்கள். அன்றைய சோறு இரண்டிலும் ஒன்றுதான். ஆனால் முதலாவதில் வட்டி செத்துவிட்டது. இரண்டாவதில் அது அசலுக்குள் படுத்துக் குட்டி போட்டுக்கொண்டிருக்கிறது.

சமோவாவுக்கு நடந்தது முதலாவது. டோங்காவிடம் நீட்டப்பட்டது இரண்டாவது. கடன் கொடுத்தது ஒரே தேசம். சரிக்கட்டும் தொகை டோங்கா நாணயமான பாங்காவில் கணக்குப் பார்த்தால் இருவருக்கும் நாற்பது லட்சம். (எண்கள் சமமாக இருப்பது கதைக்கு வசதி. வாழ்க்கையில் இவ்வளவு வசதி இருக்காது.) அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டால் நாற்பது லட்சம் இந்த வருடம் கையில் நிற்கும். அதில் ஒரு பங்கு கூரைகளுக்கு என்று ஏற்கெனவே பேச்சாகியிருந்தது.

லோசாலினே மந்திரிக்கு ஓர் ஒப்பீடு தயாரித்தாள். அதில் ஓர் அட்டவணை. இடது பக்கம் இரண்டு நாடுகளின் பெயர். வலது பக்கம் ஒரே ஒரு பத்தி, 'சரிக்கட்டிய வட்டி' என்று தலைப்பு. சமோவா, நாற்பது. டோங்கா, நாற்பது. பார்க்கிற எவருக்கும் இருவருக்கும் ஒரே சலுகை என்றுதான் தோன்றும்.

4

கலாஃபியை எப்படி உள்ளே கொண்டுவருவது என்று மூன்று முறை எழுதிப் பார்த்தேன்.

கலாஃபி சட்டம் படித்தவன், முப்பத்தைந்து வயது, நல்ல

கலாஃபி அன்று காலை வழக்கத்துக்கு மாறாக

வேண்டாம். அவன் என் அறை வாசலில் நின்றான், அவ்வளவுதான். கலாஃபி சட்டப் பிரிவில் இருக்கிறான். ஒப்பந்தத்தின் எல்லா ஷரத்தையும் படித்தாக வேண்டியது அவன் வேலை. லோசாலினே அவனுக்கு அத்தை மகள்.*

"வதிக்கா, அந்த அட்டவணைல ஒரே பத்தியா இருக்கே."

"ஆமா. அதுக்கென்ன?"

"சமோவாக்காரங்களுக்கு விட்டுட்டாங்க. நமக்கு விடல, அசல்ல ஏத்துறாங்க. ரெண்டும் ஒரே பத்தில எப்படி உக்காரும்?"

"அதப் போய் அவகிட்ட சொல்லு. எங்கிட்ட ஏன் சொல்ற?"

சட்டையில்லாமல் தேவாலயத்துக்குப் போகச் சொன்னது மாதிரி என்னைப் பார்த்தான்.

"இத்தன வருஷமா இங்க இருக்கீங்க. நீங்களே இப்படிக் கேட்டா எப்படிக்கா?"

"கூட்டத்துல நீயும்தானே இருப்ப. அங்க சொல்லு."

"அங்கயா? எல்லார் முன்னாடியுமா? அதுக்கு வேலைய விட்டுட்டு மீன் பிடிக்கப் போயிடுவேன்."

"ஒனக்குத்தான் கடல்ல வாந்தி வருமே."

"அதான் ஒங்ககிட்ட வந்தேன்," என்றான்.

* அத்தை மகள் என்றதும் உங்களில் பாதிப்பேர் சிரித்திருப்பீர்கள். நம் பக்கத்தில் அந்த முறைக்குக் கேலியும் கிண்டலும் பந்தக்கால் வரைக்கும் போகும். இங்கே கதை தலைகீழ். அத்தை மகள் என்றால் உடன்பிறந்த அக்கா. அக்காவும் தம்பியும் ஓர் அறையில் உட்கார்ந்து சிரித்துப் பேசும் வழக்கம் கிடையாது. அதோடு அப்பாவின் சகோதரி வழி வந்தவள் என்பதால் அவள் அவனுக்கு ஃபஹூ, அதாவது அவனுக்கு மேலே உட்கார்ந்திருப்பவள். அவன் வீட்டில் எதை எடுத்துக்கொண்டு போனாலும் ஏன் என்று கேட்கமுடியாது. பலர் முன்னால் அவள் சொல்லை மறுப்பது என்பது நடக்காத காரியம். அலுவலகத்தில் இதெல்லாம் செல்லாது என்றுதான் விதி இருக்கிறது. ஆனால் உடம்புக்கு அந்த விதியை யாரும் படித்துக் காட்டவில்லை.

5

போனேன். திங்கட்கிழமை. அவள் பொட்டலத்தைப் பிரித்து என் பங்கைத் தள்ளினாள்.

"தம்பி அனுப்பினானா?" என்றாள், நான் வாயைத் திறக்கும் முன்பே.

"யாரும் அனுப்பல."

"அப்ப அவன்தான்." சேம்பிலையை ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டாள். "தெரியும் வதி. அட்டவணைய நான்தானே போட்டேன். தெரியாமயா போடுவேன்?"

நான் இதை எதிர்பார்க்கவில்லை. கலாஃபியும் எதிர்பார்க்கவில்லை, அவன் அதைக் கைத்தவறு என்றே நினைத்திருந்தான். அவன் நினைப்பில் அவனுடைய ஃபஹூ தவறு செய்யலாம், தெரிந்து செய்யமாட்டாள்.

"ரெண்டு பத்தியாப் போட்டா என்ன ஆகும்னு சொல்லவா? மந்திரி பாப்பாரு. 'அவங்களுக்கு விட்டுட்டாங்களே, நமக்கு ஏன் விடல? திரும்பப் போய்க் கேளுங்க'ன்னுவாரு. மானஸ்தர், கண்டிப்பாச் சொல்லுவாரு. கேக்கப் போனா வெள்ளிக்கிழமை தாண்டிடும். தாண்டினா மொத்த வட்டியும் இந்த வருஷமே கட்டணும். அப்புறம் கூரைய யாரு போடுவா, உங்கப்பாவா?"

"எங்கப்பா ஓடு வேயுறவருதான். இருந்திருந்தா போட்டிருப்பாரு."

சிரித்துவிட்டாள். சிரிக்கும்போது மட்டும் அவள் குரல் பெரிதாகும்.

"சரி, கூரை போடுற. அசல் ஏறுமே," என்றேன்.

"ஏறும்."

"வட்டிக்கு வட்டி வருமே."

"வரும்."

"யாரு கட்டுவா? கயித்தப் புடிச்சுக்கிட்டு நிக்கிற அதே பிள்ளைங்கதானே?"

அவள் சிரிப்பு நின்றது. இலையை நான்காக மடித்தாள், பிறகு இன்னும் ஒருமுறை மடித்தாள்.

"நனைஞ்ச புஸ்தகத்துல படிச்ச பிள்ளை எங்க போய்ச் சம்பாதிச்சுக் கட்டும்? மொதல்ல நனையாம படிக்கட்டும். பெறகு கட்டுறதா வேண்டாமான்னு அதுங்க பேசிக்கட்டும். நீ சாப்பிடு, ஆறுது."

அவள் சொன்னது தப்பு என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. சரி என்றும் சொல்லத் தெரியவில்லை. சாப்பிட்டேன்.

6

இந்த இடத்தில் சமோவாக்காரர் வரவேண்டும். பெயர் பெசமினோ. அவர் எதற்கு என்று இரண்டு நாளாக யோசித்தேன். ஒரு கட்டத்தில் அவரை முழுசாக அடித்துவிட்டேன். அடித்த பிறகு பார்த்தால் கதை முழுக்க டோங்காக்காரர்கள் தங்களுக்குள்ளேயே மூச்சுமுட்டிக்கொண்டிருந்தார்கள். ஒப்பீடு என்றால் எதிரே ஒருவர் வேண்டுமே. திரும்ப அழைத்துக்கொண்டேன்.

அவர் சமோவாவின் தலைநகர் ஆப்பியாவில் லோசாலினேயின் வேலையைச் செய்பவர். தங்கள் அனுபவத்தைச் சொல்வதற்காக அழைக்கப்பட்ட விருந்தாளி. கூட்டத்துக்கு முந்தின நாள் கடற்கரைச் சாலையில் என்னோடு பச்சைமீன் தேங்காய்ப்பால் கலவையைச் சாப்பிட்டபடி பேசினார்.

"எல்லாரும் நாங்க ஏதோ மந்திரம் போட்டோம்னு நினைக்கிறாங்கம்மா. ஒண்ணும் இல்ல. போனோம், கேட்டோம், முடியாதுன்னாங்க. வந்துட்டோம். திரும்பப் போனோம், முடியாதுன்னாங்க. மூணாம் தடவ, இவங்க தொல்லை தாங்கலன்னு விட்டாங்க."

"எவ்வளவு நாளாச்சு?"

"ரெண்டு வருஷம். அந்த ரெண்டு வருஷமும் வட்டியக் கட்டிக்கிட்டேதான் கேட்டோம். ஆஸ்பத்திரியில ஒரு கட்டடம் பாதில நின்னுச்சு. அதுக்குள்ள ஆடு மேஞ்சுது." மீன் துண்டு ஒன்றைத் தேடி எடுத்தார். "என் மச்சினி அங்க நர்ஸ். ரெண்டு வருஷம் எங்கிட்ட முகங்குடுத்துப் பேசல."

அட்டவணையை அவர் பார்த்துவிட்டாரா என்று கேட்டேன். பார்த்தேன் என்றார். பிறகு நீண்ட நேரம் மீனைப் பற்றிப் பேசினார்.

7

கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை. முதல் வரைவில் இங்கே கலாஃபி எழுந்து நின்று பேசினான். அருமையான பேச்சு, ஒன்றரைப் பக்கம். எழுதி முடித்தபோது எனக்கே கண் கலங்கியது. படித்துப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அது கலாஃபி அல்ல, நான். அந்தப் பக்கத்தைத் தூக்கிப் போட்டேன். நடந்தது இது.

இங்கே வேலைக்கு வரும் எல்லோரும் இடுப்பில் சின்னப் பாய் ஒன்றைச் சுற்றிக் கயிறு கட்டித்தான் வருவார்கள். அது மரியாதை. கலாஃபி அன்று கட்டிக்கொண்டு வந்தது துக்கப் பாய். பழசு, ஓரமெல்லாம் பிய்ந்து தொங்கியது. நெஞ்சிலிருந்து முழங்கால் வரைக்கும் இருந்தது. வீட்டில் ஒருவர் இறந்தால், இறந்தவரைவிட முறையில் தாழ்ந்தவர்கள் அப்படிக் கட்டுவார்கள். எவ்வளவு பெரியதோ, எவ்வளவு கிழிந்ததோ, அவ்வளவு தாழ்வு.

வாசல் காவலர் கேட்டது எனக்குக் கேட்டது.

"யாரு தவறிட்டாங்க கலாஃபி?"

"இன்னும் யாரும் இல்ல மாமா."

"அப்ப முன்கூட்டியே கட்டிட்டியா?"

"ஆமா. இப்ப எல்லாம் முன்கூட்டித்தானே."

காவலர் சிரிக்க ஆரம்பித்து, பாயைத் திரும்பப் பார்த்து, நிறுத்திக்கொண்டார்.

அந்த அளவுப் பாயைக் கலாஃபி கட்டவேண்டுமென்றால் இறந்தது அவன் அத்தையாக இருக்கவேண்டும், அல்லது அத்தையின் பிள்ளைகளாக இருக்கவேண்டும். அறையில் இருந்த டோங்காக்காரர் எல்லோருக்கும் இது தெரியும். அத்தை போன ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் எல்லோரையும்விட உரக்கப் பாடினாள். ஆகவே எல்லார் கண்ணும் லோசாலினே பக்கம் போனது. அவள் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாயை அவள் பார்த்துவிட்டாள் என்பது அவள் நிமிராமலே இருந்ததில் தெரிந்தது.

செயலாளர் நல்லவர், கொஞ்சம் விவரம் போதாது. "கலாஃபி, வீட்டுல துக்கமா? லீவு எடுத்திருக்கலாமே," என்றார்.

"லீவு எடுக்குற மாதிரி துக்கம் இல்லீங்க."

லோசாலினே படிக்கத் தொடங்கினாள். எல்லோரும் குனிந்து கேட்டார்கள். அட்டவணை வந்தது. நாற்பது, நாற்பது. செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சட்டப் பிரிவு ஏதாவது சொல்லணுமா?"

"அவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றான் கலாஃபி. குரலில் குத்தல் எதுவும் இல்லை. அவன் மனதார அப்படித்தான் சொன்னான் என்று இன்றைக்கும் நம்புகிறேன். கிழிந்த பாய் நாற்காலியில் உரசிச் சரசரத்தது.

செயலாளர் பெசமினோவிடம் திரும்பினார். "உங்களுக்கும் இதே மாதிரிதானே?"

"நான் விருந்தாளிங்க," என்றார் பெசமினோ. "விருந்தாளி அடுப்பாங்கரைக்குள்ள எட்டிப் பாக்கக் கூடாது."

லோசாலினே தாள்களை அடுக்கினாள். "வெள்ளிக்கிழம காலைல வைப்போம்," என்றாள். "வதிகிட்ட கொஞ்சம் திருத்தம் இருக்கு."

என்னிடம் ஒரு திருத்தமும் இல்லை.

8

பெசமினோ விமானத்துக்குப் புறப்படும்போது என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அந்தத் தம்பி எதுக்கும்மா மன்னிப்பு கேட்டாரு? அவரு என்ன தப்பு பண்ணினாரு?"

முதலில் எனக்குப் புரியவில்லை. பிறகு புரிந்தது. அவர் ஊரில் ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்குத் தீங்கு செய்துவிட்டால், செய்தவர்கள் பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு பாதிக்கப்பட்ட வீட்டு வாசலில் உட்காருவார்கள். வீட்டுக்காரர் வந்து பாயை விலக்கும்வரை எழமாட்டார்கள். அவர் கண்ணுக்குக் கலாஃபி அப்படித்தான் தெரிந்திருக்கிறான்.

"மன்னிப்பு இல்லீங்க. அது துக்கம்," என்றேன்.

"துக்கமா." பெட்டியைத் தூக்கினார். "எங்க ஊரா இருந்தா அவங்க வந்து பாயை எடுத்துவிட்டாப் போதும். எல்லாரும் சாப்பிடப் போயிடலாம்."

இரண்டு நாடுகளின் ஒப்பீடு என்று நான் எழுதியதிலேயே இதுதான் உருப்படியான பகுதி. இதற்கு ஓர் அட்டவணை போட்டுப் பார்த்தேன், வரவில்லை.

ஆனால் அவர் சொன்னதில் பாதி இங்கேயும் செல்லும். துக்கப் பாயைக் கட்டியவன் தானாக அவிழ்க்கமுடியாது. துக்கம் முடிந்தது என்று சொல்வது ஃபஹூ. கலாஃபியின் பாயை அவிழ்க்கச் சொல்லும் உரிமை இந்த உலகத்தில் லோசாலினேவுக்குத்தான் உண்டு. புதன்கிழமையும் அதே பாயோடு வந்தான். வியாழக்கிழமையும். அந்த வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு. காவலர் அவனைக் கேலி செய்வதை விட்டுவிட்டு எழுந்து நிற்கத் தொடங்கியிருந்தார்.

வியாழன் மாலை லோசாலினே என் அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள்.

"அந்தப் பத்திய ரெண்டாப் பிரிக்கக் கோடு போடணும்னா போடு. வேண்டாம்னா விடு. அச்சுக்கு அனுப்புறது நீதானே."

"நானா? நான் யாரு இதுல?"

"அதான். நீ வெளியூர்க்காரி. உனக்குத் தம்பியும் இல்ல, பள்ளிக்கூடமும் இல்ல. நீ எதப் போட்டாலும் யாருக்கும் அவமானம் இல்ல."

எனக்குக் கோபம் வந்தது. இத்தனை வருடம் அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வெளியூர்க்காரி. கோபத்தில் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், அந்தச் சின்னக் குரலைப் போலவே சத்தமில்லாமல்.

"எனக்கான பாயக் கட்டியிருக்கான் வதி," என்றாள். "நான் உக்காந்திருக்குறப்பவே."

9

இனி முடிவு. இரண்டு எழுதினேன்.

முதல் முடிவு. கோடு போட்டேன். ஒரு பத்தி இரண்டானது: 'விட்டுக்கொடுத்த வட்டி', 'அசலில் சேர்த்த வட்டி'. சமோவா ஒன்றில், டோங்கா மற்றதில். வெள்ளிக்கிழமை செயலாளர் பார்த்தார், மந்திரியிடம் ஓடினார். மந்திரி லோசாலினே சொன்ன வார்த்தைகளையே சொன்னார், போய்த் திரும்பக் கேளுங்கள் என்று. கெடு தாண்டியது. வட்டியை அந்த வருடமே கட்டினார்கள். லோசாலினே கலாஃபியின் அறை வாசல் வரைக்கும் நடந்தாள், உள்ளே போகவில்லை, "போதும், அவிழ்த்துடு" என்றாள். அவன் பாயை மடித்து வைத்தான். ஹாபாயில் நான்காவது மழைக்காலம் தொடங்கியது. டீச்சர் 'கயிறு' என்று சத்தம் கொடுத்தாள்.

இரண்டாம் முடிவு. கோடு போடவில்லை. கையெழுத்தானது. வெயில் காலத்துக்குள் கூரை ஏறியது, புதுத் தகரம், கடலிலிருந்து பார்த்தாலே கண் கூசும். திறப்பு விழாவில் பன்றி சுட்டார்கள். லோசாலினே முன்வரிசையில் இருந்தாள். கலாஃபி வெளியே, வேலி ஓரத்தில், பாயோடு உட்கார்ந்திருந்தான். பிறகு நிறைய வருடங்கள். ஒன்பதாம் வாய்ப்பாட்டைத் தப்பில்லாமல் சொன்ன பெண் பிள்ளைகளில் ஒருத்தி நுக்குவலோஃபாவுக்கு வந்து, படித்து, லோசாலினேயின் நாற்காலியிலேயே உட்காருகிறாள். அன்றைக்கு அசலில் ஏறிப் பெருத்த வட்டி அவள் முன்னால் இருக்கிறது. அதைக் கட்டுவதற்காக எந்தெந்தத் தீவில் எந்தெந்தப் பள்ளிக்கூடத்தின் பழுதுபார்ப்பை நிறுத்தலாம் என்று அவள் குறிக்கிறாள். வெளியே மழை.

(மூன்றாவதாக ஒன்று தொடங்கினேன். "கடன் கொடுத்த தேசத்தின் அதிகாரி ஒருவர் தற்செயலாக அந்தத் தீவுக்கு வந்து, கூடாரத்தைப் பார்த்து, மனம் இளகி" என்று. எழுதும்போதே சிரிப்பு வந்துவிட்டது, நல்ல சிரிப்பு அல்ல.)

10

இரண்டு முடிவுகளையும் லோசாலினேவுக்குப் படித்துக் காட்டினேன். தமிழில் எழுதியதை அவள் மொழியில் வரி வரியாகச் சொன்னேன். தன்னை இவ்வளவு பருமனாக எழுதவேண்டுமா என்று ஒருமுறை கேட்டாள். வெங்காய விஷயத்தில் தலையாட்டினாள்.

"ரெண்டுலயும் பிள்ளைங்க நனையுதுங்களே," என்றாள்.

"ஆமா."

"நனையாத மாதிரி ஒண்ணு எழுது."

"எனக்குத் தெரியல லோசாலினே."

"எழுதுறவ நீதானே. உனக்கே தெரியலன்னா?"

கட்டுரை கேட்டவருக்கும் தெரியாது. அவர் கேட்ட ஒப்பீட்டில் ஒரு நாட்டுக்கும் மற்ற நாட்டுக்கும் நடுவில்தான் வித்தியாசம் இருந்தது. இன்றைய பிள்ளைக்கும் அதே பிள்ளை வளர்ந்து ஆகும் பெண்ணுக்கும் நடுவில் எந்தப் பத்தி போடுவது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை.

"தம்பி எப்பப் பாய அவிழ்ப்பான்?" என்று கேட்டாள்.

"நீதான் சொல்லணும். நான் எழுதினா செல்லாது."

"முதல் முடிவுல எழுதியிருக்கியே, நான் சொன்னேன்னு."

"அது சும்மா எழுதினது."

"தெரியும்," என்றாள். எழுந்து, பாய்க்குப் பதில் இடுப்பில் கட்டியிருந்த கியேகியேவைச் சரிசெய்துகொண்டு போனாள். இடது பக்கம் திரும்பினால் கலாஃபியின் அறை, வலது பக்கம் அவளுடையது. நான் எட்டிப் பார்க்கவில்லை. பெசமினோ சொன்ன மரியாதை எனக்கும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

ஆகவே இந்தப் பக்கத்தில் வெள்ளிக்கிழமை இன்னும் வரவில்லை. அட்டவணை என் முன்னால் திறந்திருக்கிறது, இரண்டு பெயர், ஒரு பத்தி. கோடு போடுவதானால் போடுங்கள், உங்கள் கையை நான் பிடிக்கமாட்டேன். போடாமல் விட்டாலும் குறைசொல்லமாட்டேன். ஆனால் எதையும் சீக்கிரம் செய்யுங்கள். கலாஃபி அந்த வெயிலில் பாயோடு உட்கார்ந்திருக்கிறான். அங்கே காற்று எழுந்துவிட்டது, பிள்ளைகள் ஆளுக்கொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒன்பதாம் வாய்ப்பாட்டில் இருக்கிறார்கள். விடலாம் என்று யாராவது வந்து சொல்லும்வரை அவர்கள் விடமாட்டார்கள்.